மருதுவின் நண்பர், மருதுவின் பகைவர்: ஜெனரல் ஜேம்ஸ் வெல்ஷும் பினாங்குத் தீவும்

ஆலய விழா மலரில் ஒரு வெள்ளைக்காரப் படைவீரரின் வாழ்க்கை வரலாற்றுக்கு என்ன வேலை என்று மெய்யன்பர்கள் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதே. ஆயினும் காளையார்கோவில் கோபுரத்தை எழுப்பிய மருதிருவரின் முகத்தையும் குணத்தையும் நேரில் கண்டு எழுதி வைத்தவர் இந்த வெள்ளைக்காரர். மருதுவின் மகன் விலங்கு பூட்டப்பட்டுப் பினாங்குத் தீவுக்கு அனுப்பப்பட்டதையும், பதினாறு ஆண்டுகளுக்குப் பின் அவரை இங்கே கண்டதையும் எழுதி வைத்தவரும் இவரே. இத்தனைக்கும் மருதுவை எதிர்த்துப் போரிட்ட படையில் இருந்தவர் இவர். பினாங்கை நிறுவிய பிரான்சிஸ் லைட்டின் மருமகனும் ஆவார். மலாயா மண்ணில் தமிழர் வாழ்வின் தொடக்கத்தை அறிய விழைவோர் ஜேம்ஸ் வெல்ஷ் என்ற இம்மனிதரைத் தெரிந்துகொள்ளாமல் அப்பால் செல்ல இயலாது.

ஜேம்ஸ் வெல்ஷ் 1775-ஆம் ஆண்டு மார்ச் மாதம் 12-ஆம் நாள் பிறந்தவர். 1790-இல் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படையில் பயிற்சி அதிகாரியாகப் பெயர் பதிந்தபோது அவருக்கு வயது பதினைந்துதான். மீசை அரும்பாத வயதில் பெற்றோரையும் பிறந்த நாட்டையும் பிரிந்து, திரும்பி வருவோமோ மாட்டோமோ என்று அறியாமல் கப்பலேறிய எத்தனையோ சிறுவர்களுள் அவரும் ஒருவர். பதினைந்து என்ற இந்த வயதை அன்பர்கள் நினைவில் வைத்துக்கொள்ளும்படி வேண்டுகிறேன். இவ்வரலாற்றில் அது மீண்டும் ஒருமுறை வரும்.

வெல்ஷின் இல்லறம் அவரைப் பினாங்குடன் பிணைத்தது. அவர் கைப்பிடித்த சாரா, பிரான்சிஸ் லைட்டின் மூத்த மகள். கெடா சுல்தானிடமிருந்து பெற்ற தீவில் 1786-ஆம் ஆண்டு ஆகஸ்டு 11-ஆம் நாள் கம்பெனியின் கொடியை ஏற்றி, அதற்குப் பிரின்ஸ் ஆப் வேல்ஸ் தீவு என்று பெயரிட்டவர் பிரான்சிஸ் லைட் என்பது நம் பள்ளிப் பிள்ளைகளும் அறிந்த செய்தி. அவருடைய வாழ்க்கைத் துணைவி மார்த்தினா ரோசெல்ஸ், போர்த்துக்கீசியக் கலப்புக் குடும்பத்தைச் சேர்ந்தவர். ஆகவே வெல்ஷின் மனைவி முழு ஆங்கிலப் பெண்மணி அல்லர்; இந்தக் கீழ்த்திசைக் கடற்கரையின் இரத்தமும் அவரிடம் ஓடியது. சாராவின் தம்பி வில்லியம் லைட் 1786-இல் கெடாவில் பிறந்து, ஆறாம் வயதில் இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டு, நெப்போலியனின் படைகளுக்கு எதிராக ஸ்பெயினில் வெலிங்டனின் சேனையில் போரிட்டவர். 1836-இன் இறுதியில் ஆஸ்திரேலியாவில் அடிலெய்டு நகருக்கு இடம் தேர்ந்து, மறு ஆண்டே அதனை அளந்து வகுத்துக் கொடுத்தவரும் அவரே. தந்தை ஜோர்ஜ் டவுனையும் மகன் அடிலெய்டையும் நிறுவ, அக்குடும்பத்தின் மருமகனோ வேறொரு திசையில், தமிழ்நாட்டின் காடுகளில் வாளேந்தி அலைந்தார்.

இனிச் சிவகங்கைச் சீமைக்கு வருவோம்.

1772-ஆம் ஆண்டு ஜூன் மாதம் காளையார்கோவிலில் சிவகங்கை மன்னர் முத்துவடுகநாதத் தேவர் கம்பெனிப் படையின் தாக்குதலில் மாண்டார். அவர் துணைவியார் வேலு நாச்சியார் விருப்பாட்சியில் அடைக்கலம் புகுந்து, ஐதர் அலியின் உதவியுடன் 1780-இல் நாட்டை மீட்டார். அந்த எட்டாண்டுக் காலமும் அரசியின் வலக்கையாக நின்றவர்கள் மொக்கைப் பழனியப்பன் சேர்வையின் புதல்வர்களான பெரிய மருதுவும் சின்ன மருதுவும் ஆவர். மன்னர் குலத்தில் பிறவாத இவ்விருவரும் பின்னர் சிவகங்கையின் ஆட்சிப் பொறுப்பையே ஏற்று நடத்தினர். காளையார்கோவில் பெரிய கோபுரமும் குன்றக்குடி முருகன் கோயில் திருப்பணிகளும் அவர்களுடைய பக்திக்கு இன்றும் சாட்சி கூறுகின்றன.

1795-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில், மதுரையில் தங்கியிருந்த இருபது வயதுகூட நிரம்பாத வெல்ஷ், சின்ன மருதுவின் இருப்பிடமான சிறுவயலுக்குச் சென்றார். அங்கே அவர் கண்டது ஒரு விந்தை. நாட்டையே ஆளும் மனிதரின் மாளிகை வாயிலில் ஒரு காவலாளிகூட இல்லை. எவரும் உள்ளே போகலாம், வெளியே வரலாம். வழியில் கண்ட குடிமக்கள் அனைவரும் அவரைத் தங்கள் தந்தை என்றே போற்றி, அவருக்காக இறைவனை வேண்டினர். சின்ன மருது கருத்த நிறமும் பருத்த உடலும் அழகிய முகமும் இனிய பேச்சும் உடையவர். அவர் தலையசைத்தால் அதுவே அந்நாட்டில் சட்டம் என்று வெல்ஷ் எழுதுகிறார். மூத்தவரான பெரிய மருதுவோ அரசியல் கவலைகளைத் தம்பியிடம் விட்டுவிட்டு வேட்டையே பொழுதாக வாழ்ந்தவர், மிக உயரமானவர், ஆர்க்காட்டு வெள்ளி ரூபாயை விரல்களால் வளைத்துவிடும் வலிமை படைத்தவர்.

அன்று தொடங்கிய பழக்கம் நட்பாக வளர்ந்தது. வெல்ஷ் மதுரையில் இருந்த காலமெல்லாம் சின்ன மருது அவருக்கு நல்ல அரிசியும் பழங்களும் அனுப்பத் தவறியதில்லை. அவற்றுள் சொரசொரப்பான தோலும் மிகுந்த இனிப்பும் உடைய ஒரு பெரிய ஆரஞ்சுப் பழத்தை வெல்ஷ் தனியே குறிப்பிடுகிறார். இந்தியாவின் வேறு எந்தப் பகுதியிலும் அத்தகைய பழத்தைத் தாம் கண்டதில்லையாம். முப்பத்தைந்து ஆண்டுகள் கழித்து எழுதும்போதும் ஒரு மனிதருக்குப் பழத்தின் சுவை நினைவில் நிற்குமானால், அதைக் கொடுத்த கையும் நினைவில் நிற்கவே செய்யும்.

அதைவிடப் பெரிய கொடை ஒன்றையும் சின்ன மருது அவருக்கு அளித்தார். ஈட்டி எறியவும் வளரி வீசவும் கற்றுக் கொடுத்தார். பிறை வடிவில் வளைந்த வளரி, தென்பாண்டி மறவர்க்கும் கள்ளர்க்கும் உரிய ஆயுதம். தேர்ந்த கைக்கு நூறு கஜத் தொலைவுக்குள் அதன் குறி தவறாது என்று வெல்ஷ் வியக்கிறார். தம் குலத்தின் போர்க்கலையை ஒரு கம்பெனி அதிகாரிக்குச் சொல்லிக் கொடுப்பது அறிவுடைமையா என்று இன்று நாம் கேட்கலாம். ஆனால் காவலாளி வைக்காத வீட்டுக்காரருக்கு அப்படிப்பட்ட ஐயம் தோன்றியிராது.

ஆறாண்டுகள் கழிந்தன. 1799 அக்டோபரில் கயத்தாற்றில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டார். 1801-ஆம் ஆண்டு பிப்ரவரி 2-ஆம் நாள் அவர் தம்பி ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பினார். இடித்துத் தரைமட்டமாக்கப்பட்ட பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை சில நாட்களில் மீண்டும் எழுந்து நின்றது. வெறும் மண்ணால் ஆன அச்சுவரை நோக்கி மார்ச் 31-ஆம் நாள் கம்பெனிப் படை பாய்ந்தது. பெரும் இழப்புடன் பின்வாங்கியது. வெல்ஷ் அப்படையில் இருந்தார். புதிய படைகளும் பீரங்கிகளும் வந்து சேர்ந்த பின்னரே, மே 24-ஆம் நாள், கர்னல் அக்னியூ தலைமையில் கோட்டை பிடிபட்டது. வாய் பேசாத அந்த வீரரிடம் அவர் மக்கள் கொண்டிருந்த பக்தியையும் வெல்ஷ் மறைக்காமல் எழுதியுள்ளார்.

கோட்டையிலிருந்து தப்பிய ஊமைத்துரை நேரே சிவகங்கைச் சீமைக்குச் சென்றார். சின்ன மருது அவருக்கு அடைக்கலம் கொடுத்தார். அடைக்கலம் கேட்டு வந்தவரைக் காட்டிக் கொடுத்திருந்தால் மருதிருவர் தங்கள் நாட்டையும் உயிரையும் காத்துக்கொண்டிருக்கலாம். அவர்கள் அவ்வாறு செய்யவில்லை. 1801 ஜூன் 16-ஆம் நாள் திருச்சியில் ஒட்டப்பட்ட சின்ன மருதுவின் அறிக்கை, எல்லாச் சாதியினரும் ஒன்றுபட்டு ஐரோப்பியரை எதிர்க்க வேண்டும் என்று அறைகூவியது.

கம்பெனிப் படை சிறுவயலை நெருங்கியபோது மருதுவின் ஆட்கள் தங்கள் ஊரைத் தாங்களே எரித்துவிட்டுக் காட்டுக்குள் புகுந்தனர். வெல்ஷ் ஒரு காலத்தில் தடையின்றி நுழைந்த மாளிகையும் அத்தீயில் போயிற்று. காளையார்கோவிலைச் சூழ்ந்திருந்த அடர்ந்த முட்காட்டை வெட்டிப் பாதை அமைக்க வெள்ளையர் ஏறத்தாழ ஒரு மாதம் முயன்றனர். பகலில் வெட்டிய பாதையை மறைந்திருந்தோர் தாக்கிக்கொண்டே இருந்தனர். நோயும் தோட்டாவும் படையைத் தின்றன. இறுதியில் அம்முயற்சியைக் கைவிட்டுப் பின்வாங்கினர்.

ஆயுதத்தால் முடியாததைச் சூழ்ச்சி முடித்தது. பழைய அரச குலத்தவரான கௌரி வல்லப உடையணத் தேவரைக் கம்பெனி சிவகங்கைக்கு உரியவராக அறிவித்து முடிசூட்டியது. மருதிருவர் அரச குலத்தவர் அல்லர் என்ற பேச்சு மக்களிடையே பிளவை உண்டாக்கியது. அக்டோபர் முதல் நாள் காளையார்கோவில் வீழ்ந்தது. மருதிருவர் சரணடையாவிட்டால் கோபுரத்தைப் பீரங்கியால் தகர்ப்போம் என்று வெள்ளையர் மிரட்டியதாகவும், கோபுரத்தைக் காக்கவே அவர்கள் உயிரை ஈந்ததாகவும் அப்பகுதி மக்கள் வழிவழியாகக் கூறி வருகின்றனர். வெல்ஷ் தரும் செய்தி வேறு. காட்டு விலங்கைத் துரத்துவதுபோல் தம் பழைய நண்பரைத் துரத்தியதாகவும், தொடையெலும்பு முறிந்த நிலையில் சின்ன மருது பிடிபட்டதாகவும் அவர் எழுதுகிறார். கோபுரத்தைப் பற்றிய மரபை நம்புவோர் நம்பட்டும். அதில் எனக்கு வழக்கில்லை. ஆனால் தாம் துரத்திய மனிதர் தமக்கு அரிசி அனுப்பியவர் என்பதை அதே பத்தியில் சேர்த்து எழுதும் நேர்மை வெல்ஷிடம் இருந்தது.

1801 அக்டோபர் 24-ஆம் நாள் திருப்பத்தூரில் மருதிருவர் தூக்கிலிடப்பட்டனர். அவர்களைச் சார்ந்தோர் பலரும் உடன் மாண்டனர். சின்ன மருதுவையும் அவர் தமையனையும் வீரத்தில் அவர்களுக்குக் குறையாத மகன் ஒருவரையும் தூக்குமரத்தில் காண நேர்ந்ததை வெல்ஷ் பதிவு செய்துள்ளார். பேரன் பேத்திகள் என்று பெருகியிருந்த அக்குடும்பத்தின் ஆண் மக்கள் ஒரு சில வாரங்களுக்குள் அழிந்தனர்.

எஞ்சியவர் சின்ன மருதுவின் இளைய மகன் துரைசாமி. அவருக்கு அப்போது வயது பதினைந்து என்கிறார் வெல்ஷ்.

துரைசாமியும் எழுபதுக்கும் மேற்பட்ட வீரர்களும் நாடு கடத்தப்பட வேண்டும் என்று தீர்ப்பாயிற்று. அவர்கள் தூத்துக்குடியில் அடைக்கப்பட்டிருந்தபோது காவல் படைக்குப் பொறுப்பாக இருந்தவர் நம் வெல்ஷ்தான். தந்தையின் விருந்தினராகச் சிறுவயலுக்கு வந்தவர் மகனின் சிறைக்காவலர் ஆனார். அந்த இளைஞனின் அமைதியும் பெருமிதம் குன்றாத நடத்தையும் அவர் நெஞ்சைத் தொட்டன. விலங்கின் பாரத்தைக் குறைப்பதைத் தவிர அவரால் ஒன்றும் செய்ய முடியவில்லை. அல்லது, செய்ய முடியவில்லை என்று அவர் கருதினார். 1802 பிப்ரவரியில் கப்பல் புறப்பட்டது. அது சென்ற இடம் பிரின்ஸ் ஆப் வேல்ஸ் தீவு, அதாவது அவருடைய மனைவியின் தந்தை எட்டாண்டுகளுக்கு முன் இறந்து அடக்கம் செய்யப்பட்ட அதே பினாங்கு. நாடு கடத்தப்பட்டோருள் சிவகங்கையின் மன்னராக இருந்த வேங்கன் பெரிய உடையணத் தேவரும் ஒருவர். அவர் சுமாத்திராவின் பென்கூலனில் உயிர் நீத்தார்.

கப்பல் வந்து சேர்ந்த பினாங்கு எப்படி இருந்தது? தமிழர் இல்லாத தீவாக அது இல்லை. 1794-இல் பிரான்சிஸ் லைட் தம் மேலிடத்துக்கு எழுதிய அறிக்கையில், சோழமண்டலக் கரையிலிருந்து வந்த சூலியர்கள் கடைக்காரர்களும் கூலிகளுமாக ஏறத்தாழ ஆயிரம் பேர் தீவில் குடியிருந்ததாகக் கூறுகிறார். ஆண்டுதோறும் 1,300 முதல் 2,000 பேர் வரை கப்பல்களில் வந்து, சில வெள்ளிகளைச் சம்பாதித்துக்கொண்டு ஊர் திரும்புவதாகவும் குறிப்பிடுகிறார். குவின் ஸ்திரீட்டில் இன்று நாம் வழிபடும் ஸ்ரீ மகாமாரியம்மன் ஆலயத்துக்கு நிலம் வழங்கப்பட்டது 1801-ஆம் ஆண்டில். கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலுக்கும் அதே ஆண்டுதான். திருப்பத்தூரில் தூக்குமரம் நாட்டப்பட்ட ஆண்டில் இங்கே அம்மனுக்கு இடம் அமைந்தது. அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் காளையார்கோவில் வீரர்கள் கடலில் இருந்தனர்.

ஊர் திரும்பும் நம்பிக்கையோடு வந்த வணிகருக்கும் கூலிக்கும் இவர்களுக்கும் இடையே இருந்த வேறுபாடு அந்நம்பிக்கை ஒன்றே. மலாயாவுக்கு வந்த தமிழன் என்றால் சஞ்சிக்கூலி என்று மட்டுமே எண்ணிப் பழகிவிட்டோம். கரும்புத் தோட்டங்களும் காப்பித் தோட்டங்களும் தோன்றுமுன், இரப்பர் என்ற சொல்லே இங்கு கேட்கப்படாத காலத்தில், அந்நிய ஆட்சியை எதிர்த்து ஆயுதம் ஏந்தியதற்காகவே இத்தீவில் இறக்கப்பட்ட தமிழர் கூட்டம் ஒன்று இருந்தது. இது நம் இளைஞர்களுக்குச் சொல்லப்படவில்லையே என்ற ஆதங்கம் எனக்கு உண்டு.

வெல்ஷின் படை வாழ்க்கை மேலும் நெடுங்காலம் நீண்டது. 1803-ஆம் ஆண்டு மராட்டியப் போரில் அவர் களம் கண்டார். 1806-இல் வேலூரில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்த சில மாதங்களுக்குப் பின், பாளையங்கோட்டையிலும் அதுபோல் நடக்கும் என்று அஞ்சித் தம் படையிலிருந்த முஸ்லிம் சிப்பாய்களின் ஆயுதங்களைப் பறித்துக் கோட்டைக்கு வெளியே அனுப்பினார். அச்செயலுக்காக இராணுவ நீதிமன்றத்தின் முன் நிறுத்தப்பட்டு விடுதலையும் பெற்றார். 1809 பிப்ரவரி 10-ஆம் நாள், வேலுத்தம்பியின் திருவிதாங்கூர்ப் படைகள் காத்து நின்ற ஆரல்வாய்மொழி அரண்களை இரவோடு இரவாக மலைமீதேறிச் சென்று கைப்பற்றினார். அவர் துணிச்சலை யாரும் குறைத்துச் சொல்ல முடியாது. ஆனால் அத்துணிச்சல் யாருக்காகச் செலவாயிற்று என்பதையும் நாம் மறக்க வேண்டியதில்லை. நல்ல உள்ளம் படைத்த ஒருவர் தம் எசமானரின் ஆணையை ஒருமுறையும் மீறாமல் வாழ்ந்தார் என்பதே அவர் வாழ்க்கையைப் படிக்கும்போது எனக்குத் தோன்றுகிறது.

1818-ஆம் ஆண்டில் உடல்நலம் குன்றிய வெல்ஷ், காற்று மாற்றத்துக்காகப் பினாங்குக்கு வந்தார். அப்போது அவருக்கு வயது நாற்பத்து மூன்று. இந்தியாவின் வெயிலில் வாடிய அதிகாரிகள் உடல் தேறுவதற்காக இத்தீவை நாடுவது அக்கால வழக்கம். மேலும் அவருக்கு இது மாமனார் நிறுவிய தீவு. மனைவியின் குடும்பம் வேர்கொண்ட இடம்.

ஒருநாள் மிகவும் தளர்ந்து மெலிந்த கிழவர் ஒருவர் அவர் எதிரே வந்து நின்று, அவர் முகத்தையே உற்றுப் பார்த்தார். வெல்ஷுக்கு அடையாளம் தெரியவில்லை. உன் பெயர் என்ன, என்ன வேண்டும் என்று கேட்டார். வந்தவர் உடனே விடை கூறவில்லை. பெருமூச்சு விட்டார். பின்பு தம் பெயரை மட்டும் சொன்னார்: துரைசாமி.

அப்பெயர் குத்துவாளைப்போல் தம் நெஞ்சில் பாய்ந்ததாக வெல்ஷ் எழுதியுள்ளார். கணக்கிட்டுப் பார்த்தால் துரைசாமிக்கு அப்போது முப்பத்திரண்டு வயதுக்கு மேல் இருந்திருக்க முடியாது. அந்த வயதுக்காரரைத்தான் வெல்ஷின் கண்கள் கிழவர் என்று கண்டன. பதினாறு ஆண்டுத் தீவு வாசம் பதினைந்து வயதுப் பாலகனை என்ன செய்திருந்தது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. அவர் எங்கே தங்கியிருந்தார், என்ன உண்டார், எந்தச் சந்நிதியில் நின்று கைகூப்பினார் என்றெல்லாம் வெல்ஷ் எழுதவில்லை. ஒருவேளை கேட்கவும் இல்லை. நம்மவர் யாரும் எழுதி வைக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

1830-ஆம் ஆண்டில் வெல்ஷ் தம் நாட்குறிப்புகளைத் தொகுத்துப் போர் நினைவுகள் என்ற பொருளில் இரண்டு தொகுதிகளாக இலண்டனில் வெளியிட்டார். ஏறத்தாழ நாற்பது ஆண்டுப் படைப்பணியின் கதை அது. போர்களும் அணிவகுப்புகளும் ஊர்களும் மலைகளும் அதில் நிறைந்துள்ளன. அவரே வரைந்த படங்களும் உண்டு. மருது பாண்டியர்க்கு அந்நூலில் கிடைத்த இடம் சில பக்கங்களே. துரைசாமிக்குக் கிடைத்தது இன்னும் குறைவு. கம்பெனியின் அரசாங்கக் கடிதங்களில் கலகக்காரர்கள் என்றும் கொள்ளையர் என்றும் மட்டுமே பெயர் பெற்றிருந்தவர்கள், அச்சில பக்கங்களில்தான் வாயிலைத் திறந்து வைத்த மனிதர்களாகவும், பழம் அனுப்பிய நண்பர்களாகவும் உலவுகின்றனர். பின்னாளில் தமிழ்நாட்டு வரலாற்றாசிரியர்கள் மருதிருவரின் வரலாற்றை எழுத முற்பட்டபோது, அவர்களுடைய தோற்றத்தையும் இயல்பையும் அறிய இந்தப் பகைவரின் ஏட்டையே புரட்ட வேண்டியிருந்தது.

வெல்ஷ் ஜெனரல் பதவிவரை உயர்ந்து, இங்கிலாந்தின் பாத் நகரில் 1861-ஆம் ஆண்டு ஜனவரி 24-ஆம் நாள், எண்பத்தைந்து வயது நிறைந்தவராகக் காலமானார். அவர் மாமனார் பிரான்சிஸ் லைட்டின் கல்லறை ஜோர்ஜ் டவுனில் நோர்தாம் சாலைப் பழைய இடுகாட்டில் சம்பங்கி மரங்களின் கீழ் உள்ளது. மைத்துனர் வில்லியம் லைட் அடிலெய்டு நகரில், தம் பெயர் தாங்கிய சதுக்கத்தில் அடக்கம் செய்யப்பட்டுள்ளார். மருதிருவரின் சமாதி காளையார்கோவிலில், அவர்கள் எழுப்பிய கோபுரத்தின் எதிரே இருக்கிறது. ஆண்டுதோறும் அக்டோபர் 27-ஆம் நாள் அங்கே குருபூசை நடைபெறுகிறது. துரைசாமி பெருமூச்சு விட்டுத் தம் பெயரைச் சொன்ன இடத்தில் ஒரு கல்லும் நாட்டப்படவில்லை. அது நாம் அன்றாடம் நடக்கும் பினாங்குத் தெருக்களுள் ஏதோ ஒன்று.